விட்டுட்டுப் போகும் கால்

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போனால் பின்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. இந்தச் சுவிஸ் சிறுநகரத்தில் பள்ளிவாசல் என்று எங்களுக்கு இருப்பது முன்பு தளபாடம் விற்ற ஒரு கடை. வாடகைக்கு எடுத்து விரிப்புப் போட்டிருக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்கிற பொஸ்னியாக்காரர் கதிரையின் முதுகில் தட்டி, "உனக்குத்தான்" என்றார். அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். அவர் நிலத்தில் நெற்றியை வைத்து சுஜூது செய்கிறார். அவரைவிட எவ்வளவோ இளையவனான நான் கதிரையில் இருந்துகொண்டு தலையை மட்டும் குனிகிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, காலின் மேல். சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு வருடத்தில் ஓடலாம், பாயலாம் என்று சொன்னார்கள். ஓட்டம் இருக்கட்டும், மடித்து இருக்க முடிந்தால் போதும் என்று நினைக்கிற நிலையில் இருக்கிறேன்.

ஊரில் இருப்பவர்கள் "கால் என்ன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப் போயிற்று. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆனால் இது என் காலைப் பற்றி மட்டும் இல்லை. ஏறாவூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் என் காக்காவின் காலைப் பற்றியும்தான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரன். பறவை என்று நினைத்து யாரும் சிரிக்க வேண்டாம்.

2

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு உப்பில்லாத சூப் காய்ச்சுவதுதான் தொழில். அன்றைக்குப் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்பிலிருந்து மேசைப் பக்கம் திரும்பினேன். வலது பாதம் ஈரத் தரையில் அப்படியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டதாம். விழுந்து கிடந்தபோது எனக்கு முதலில் வந்த கவலை சூப் கொட்டியது பற்றித்தான். நோவு பிறகுதான் வந்தது.

இந்த நாட்டில் நோய் வேறு, விபத்து வேறு. நோய்க்கு ஒரு காப்புறுதி, விபத்துக்கு இன்னொரு காப்புறுதி. இரண்டும் ஒன்றின் முகத்தை மற்றது பார்க்காது. விபத்துப் படிவத்தில் 'வழமைக்கு மாறாக என்ன நடந்தது?' என்று ஒரு கேள்வி இருந்தது. நான் உண்மையை எழுதினேன்: 'ஒன்றும் இல்லை. தரை எப்போதும் ஈரம்தான்.' வழமைக்கு மாறாக ஒன்றும் நடக்காவிட்டால் அது விபத்து இல்லை என்று பதில் வந்தது. உண்மை சொன்னதற்குக் கிடைத்த பரிசு. கடைசியில் எங்கள் மேற்பார்வைக்காரி, "கடவுளே, வழுக்கினேன் என்று எழுதத் தெரியாதா உனக்கு?" என்று திட்டிவிட்டுத் தானே எழுதி அனுப்பினாள்.

வைத்தியரிடம் போகும்போது மகள் சஹ்லாவைக் கூட்டிப் போனேன். எனக்கு ஜேர்மன் பாஷை தெரியாது என்றில்லை. சமையலறை ஜேர்மன் தெரியும். பானை, கரண்டி, கெதியாய், ஊத்தை, நாளைக்கு லீவு, இவ்வளவும் சரளம். உடம்புக்குள் இருக்கிற சாமான்களின் பெயர்தான் தெரியாது. வைத்தியர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு "குறொய்ட்ஸ்பாண்ட்" அறுந்துவிட்டது என்றார். எங்கள் சமையலறையில் பாரம் தூக்குகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "குறொய்ட்ஸ், குறொய்ட்ஸ்" என்று முனகுவார்கள். ஆகவே அது நாரி, அதாவது கீழ் முதுகு என்று நான் பாடம் பண்ணி வைத்திருந்தேன். "நாரி நல்லாத்தான் இருக்கிறது, முழங்கால்தான் பழுது" என்று வைத்தியருக்கே விளங்கப்படுத்தினேன். சஹ்லா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாப்பா, அது வேற. குறொய்ட்ஸ் எண்டா சிலுவை. முழங்காலுக்குள்ள ரெண்டு கயிறு சிலுவை மாதிரி இருக்குமாம்."

"எனக்குள்ள சிலுவையா?" என்றேன்.

"எல்லாருக்குள்ளயும் இருக்குமாம் வாப்பா. சத்தமாக் கதைக்காதீங்க."

அவளுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் உம்மாவுடன் மட்டும் தமிழ், என்னுடன் பாதி, தம்பியுடன் முழுக்க இந்த ஊர்ப் பாஷை. தமிழில் ஒரு வசனம் தொடங்கினால் நடுவில் சொல் கிடைக்காமல் நின்று, பிறகு "பரவால்ல, விடுங்க" என்று முடிப்பாள். அன்றைக்கு அப்படி விட முடியவில்லை. நடக்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று வைத்தியர் ஏதோ கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு கையை மற்றக் கையின் மேல் வைத்து வழுக்கிக் காட்டினார். சஹ்லா கூரையைப் பார்த்தாள். தமிழைத் தேடுகிறாள் என்று விளங்கியது. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வாப்பா, உங்கட கால், உங்கள விட்டுட்டுப் போகுதா எண்டு கேக்கிறார்."

நான் அவளையே பார்த்தேன். வைத்தியர் என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தான் பிழையாகச் சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். "பிழையா வாப்பா?" என்று கேட்டாள். பிழை இல்லை. அதே வசனத்தை இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

3

காக்கா பந்தடிக்காரர். ஏறாவூரில் எங்கள் வயதுக்காரர்களுக்கு இது தெரியும். இடது கரையால் பந்தைக் கொண்டு ஓடினால் எதிர்த்தரப்பு சும்மா பின்னால் தூசி குடித்துக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரு நாள் அந்தி ஆட்டத்தில், யாரும் இடிக்கவில்லை, யாரும் தட்டவில்லை, வெட்டித் திரும்பினார். அப்படியே விழுந்தார். தூக்கிக்கொண்டு வரும்போது முழங்கால் பலாக்காய் போல வீங்கியிருந்தது.

அது யுத்தத்தால் பாதைகள் எல்லாம் மூடித் திறந்த காலம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதே ஒரு பயணம். கொழும்பு என்பது வேறு நாடு மாதிரி. முறிவு வைத்தியர் வந்து தடவிப் பார்த்து, "எலும்பு நல்லா இரிக்கி. சுளுக்கு" என்றார். எண்ணெய் பூசினார், பத்துப் போட்டார், துணியால் சுற்றினார். ஒரு மாதத்தில் வீக்கம் வற்றியது. காக்கா நடந்தார், சைக்கிள் ஓடினார். எல்லாரும் சுகம் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சங்கதி தொடங்கியது. நேரே போனால் ஒன்றுமில்லை. திரும்பினால், மேடு பள்ளத்தில் கால் வைத்தால், சைக்கிளை விட்டு இறங்கினால், சும்மா நின்றவர் பொத்தென்று விழுந்துவிடுவார். நோவு இல்லையா என்று கேட்டால் இல்லை என்பார். பிறகென்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்பார். சந்தைக்குப் போனபோது, பள்ளிவாசல் படியில், ஒருமுறை பெண் பார்க்கப் போன வீட்டு வாசலிலேயே விழுந்தார். ஆட்கள் சிரித்தார்கள். நோவில்லாத சுளுக்கு என்று யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அப்போதுதான் வாப்பா ஒரு முடிவெடுத்தார். மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவது. லொறியில் நெல் ஏற்றி இறக்கி வாப்பா சேர்த்தது வட்டையில் ஒரு துண்டு வயல். அதை விற்றார். கொழும்பு முகவர் எல்லாம் ஒழுங்கு செய்தார். விமானத்தில் பாதி, மீதி தரைவழி. எல்லை தாண்டும்போது காட்டுக்குள்ளால், பனிக்குள்ளால் இரவிரவாக நடக்க வேண்டும், விழுந்தவனை யாரும் தூக்க மாட்டார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். காக்காவுக்கு உம்மா ஒரு தடித்த ஜக்கெற் வாங்கி வைத்தார்.

காக்கா நடந்து பழகத் தொடங்கினார். புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றங்கரையோரமாக பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு நடப்பார். நானும் கூடப் போவேன். ஒரு நாள் மதகில் ஏறும்போது கால் வழமைபோலப் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீருக்குள் விழுந்தார். நான் கை கொடுத்தேன். கையைப் பிடித்தார், ஆனால் ஏறவில்லை. அப்படியே தண்ணீருக்குள் நின்றுகொண்டுதான் சொன்னார்.

"மனே, இது சுளுக்கு இல்லடா. கால் என்ன உட்டுட்டுப் போகுது. நான் இஞ்ச நிக்கன், அது போகுது. வெளங்குதா?"

எனக்கு விளங்கவில்லை. விளங்குகிறது என்று தலையாட்டினேன்.

அன்று இரவே வாப்பாவிடம் போய், தம்பியை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். வாப்பா அவரைப் பார்த்து, "ஒரு சுளுக்குக்குப் பயந்து நிக்கிறியேடா" என்றார். பயந்தாங்கொள்ளி என்ற சொல்லை வாப்பா பாவிக்கவில்லை. ஊர் பாவித்தது. பனிக்குப் பயந்து காலைச் சாட்டுச் சொல்கிறான் என்று கடைத்தெருவில் கதைத்தார்கள். காக்கா யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. ஒரு வசனம்தான் அவரிடம் இருந்தது, அதையும் யாரும் நம்பவில்லை.

அவருடைய ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நான் வந்தேன். கை நீளம், விரல் நுனி வரை மூடும். குளிரில் அது நல்லதாகப் போயிற்று. அந்தக் காட்டுக்குள்ளால் நடந்தபோது ஒரு முறைகூட நான் விழவில்லை.

வாப்பா மௌத்தானபோது நான் இங்கே அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் கிடந்தேன். போக முடியவில்லை. கடைசி நாட்களில் காக்காதான் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, எல்லாம் பார்த்தார். வாப்பாவுக்கு மனதில் கோபம் இல்லை. ஆனால் வருகிறவர்களிடம், "மூத்தவன் போயிருந்தா குடும்பம் இன்னும் நல்லா வந்திரிக்கும், அவன் பயந்துட்டான்" என்று சொல்வாராம். அதைக் கேட்டுக்கொண்டுதான் காக்கா அவருக்குக் கஞ்சி பருக்கினார்.

4

என் சத்திரசிகிச்சை அன்று காலையில் தாதி வந்து எந்தக் கால் என்று கேட்டாள். வலது என்றேன். பேனையால் அம்புக்குறி போட்டாள். பிறகு இன்னொருத்தி வந்து அதையே கேட்டாள். மயக்க வைத்தியர் வந்து கேட்டார். ஒரு காலுக்கு இத்தனை பேர் சாட்சி. என் காக்காவின் காலுக்கு ஒருவரும் இருக்கவில்லையே என்று அந்தக் கட்டிலில் கிடந்தபோது நினைத்தேன். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போல ஆயிற்று.

மரத்துப்போன கால் தெளிந்ததும் முதல் வேலையாகக் காக்காவுக்குப் போன் எடுத்தேன். பின்தொடையிலிருந்து ஒரு நாரை உருவி எடுத்து, முழங்காலுக்குள் துளை போட்டு, அறுந்த நாரின் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"ஒன்ட தொடையிலிருந்தேயா?"

"ஓம் காக்கா."

"அப்ப புதுசா ஒண்டும் வைக்கல்லயே. பழைய சேர்ட்ட வெட்டிப் பழைய சாரத்துக்கு ஒட்டுப் போட்டிரிக்கான். இதுக்கா வெள்ளக்காரன் பெரிய படிப்புப் படிச்சான்?"

சிரித்ததில் எனக்குத் தையல் இழுத்தது. பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆற்றங்கரையில் சொன்ன வசனம் ஞாபகம் இருக்கிறதா என்று. மறுபக்கத்தில் போட்டோக்கொப்பி மெசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"என் காலும் அப்படித்தான் போனது காக்கா. உங்களுக்கு வந்தது சுளுக்கு இல்லை, இதுதான். நூற்றுக்கு நூறு இதுதான்."

"போன வைக்கன் மனே. கடையில ஆக்கள் நிக்காங்க" என்றார்.

கடையில் ஆட்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊரில் அப்போது இருட்டுகிற நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எவ்வளவோ நேரமாகியிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊன்றுகோல், ஐஸ் பை, இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி, மடக்கு, நீட்டு, மடக்கு. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் சிரித்துக்கொண்டே ஆளைக் கொல்வாள். மனைவி வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் நானும் ஜன்னலும். சஹ்லாதான் என்னைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கதைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னுடன் அவ்வளவு கதைத்ததில்லை. பெரியாப்பாவின் கதையைக் கேட்டாள். சொன்னேன்.

"அப்ப பெரியாப்பாட கால் நல்லா இருந்திருந்தா நான் இங்க பிறந்திருக்க மாட்டன்?"

"மாட்டாய்."

"அவர்ட பிள்ளைகள் பிறந்திருப்பாங்க?"

"ஓம்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காதில் பாட்டுக் கேட்கிற கருவியைச் செருகிக்கொண்டாள். நான் ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியதும் அவளும் படிப்புக்கென்று சூரிச்சுக்கு அறை எடுத்துப் போய்விட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல்செய்தி வரும். அதில் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. அவளிடம் பிழை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அப்படிக் கிளம்பி வந்தவன்தான். ஆனாலும் கவலையாக இருக்கிறது, மறைப்பானேன்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். என் காலுக்குச் செய்ததைக் காக்காவின் காலுக்கும் செய்விக்க வேண்டும். இப்போது மட்டக்களப்பிலேயே ஸ்கேன் இருக்கிறது, கொழும்பில் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருந்தேன். காக்காவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது வசதியாகப் போயிற்று. என்னுடைய முழங்கால் பட்டியைப் போலவே அவருக்கும் ஒன்று, பயிற்சிக்கு இழுக்கிற றப்பர் பட்டிகள், எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன். பரீட்சை இருக்கிறது என்று சஹ்லா வரவில்லை.

5

கட்டுநாயக்காவில் இறங்கி ஏறாவூர் வரும்வரை வேனில் காலை நீட்டிக்கொண்டே வந்தேன். வாசலில் காக்கா நின்றார். தலை நரைத்து, உடம்பு கொஞ்சம் ஊதி, இடது கால் வில்லுப் போல வளைந்திருந்தது. நான் இறங்கி நடந்ததைப் பார்த்துவிட்டு, "நொண்டி நொண்டிதான். ஆனா வெளிநாட்டு நொண்டி, வடிவா இரிக்கி" என்றார்.

கலியாணச் சாப்பாடு எங்கள் வழக்கப்படி சஹனில். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டம். சோறும் இறைச்சியும் கத்தரிக்காய்ப் பொரியலும் அதில் குவித்து வைப்பார்கள். பாயில் அதைச் சுற்றி ஐந்தாறு பேர் காலை மடித்து இருந்து ஒரே தட்டில் கைவைத்துத் தின்ன வேண்டும். பணக்காரன் ஏழை, சண்டைக்காரன் சம்பந்தி எல்லாரும் ஒரு தட்டு. பந்தலில் வரிசையாகப் பாய் விரித்திருந்தது. நான் ஒரு பாயின் ஓரத்தில் நின்று காலை மடக்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. சுற்றி இருந்தவர்கள் இடம் விட்டு விலகி, "இரிங்க, இரிங்க" என்றார்கள். எப்படி இருப்பது?

காக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். பந்தலின் மூலையில் ஒரு சின்ன மேசையும் கதிரையும் கிடந்தன. அது அவருடைய இடமாம். யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் அவருக்கு மூலையில் ஒரு மேசையும் தனிக் கோப்பையில், அதாவது சின்னத் தட்டில், சோறும். பெண்ணின் வாப்பா, சம்பந்தியோடு ஒரு சஹனில் இருக்க வேண்டியவர், அன்றைக்கும் அங்கேதான். இன்னொரு கதிரை எடுத்துப் போட்டார்.

"கோப்பை கொண்டு வாறதா காக்கா?" என்று பரிமாறியவர் கேட்டார்.

"கோப்பை என்னத்துக்கு? சஹனக் கொண்டு வா."

முழுச் சஹன் ஒன்று மேசை கொள்ளாமல் வந்து இறங்கியது. "ரெண்டு பேருக்கு ஒரு சஹனா, ஊர் தாங்குமா?" என்று யாரோ பகிடி விட்டார்கள். காக்கா கேட்காதது போல இறைச்சித் துண்டுகளைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளினார், சின்ன வயதில் தள்ளுவது போலவே. நான் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"இத்தன வருசமும் தனியத்தான் திண்ட மனே" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

6

கலியாணம் முடிந்த மறுவாரம் காக்காவை மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனேன். வர மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தார். "எனக்கு என்ன இனிப் பந்தடிக்கவா?" என்றார். உங்களுக்காக இல்லை, எனக்காக வாருங்கள் என்றேன். ஸ்கேன் எடுத்த மறுநாள் வைத்தியரிடம் போனோம். இளம் வைத்தியர், எங்கள் மாவட்டத்துத் தமிழ்ப் பிள்ளை. படத்தைத் திரையில் போட்டு எங்கள் பக்கமாகத் திருப்பினார்.

"காக்கா, இந்த இடத்தில ஒரு நார் இருக்க வேணும். பாத்தீங்களா, இதில ஒண்டும் இல்ல. கனகாலத்துக்கு முதல் அறுந்து கரைஞ்சு போயிற்று."

காக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"அப்ப இது சுளுக்கு இல்லயா டொக்டர்?"

"சுளுக்கா? யார் சொன்னது? இந்தக் காலோட நீங்க இவ்வளவு காலமும் எப்படி நடந்து திரிஞ்சீங்க எண்டுதான் நான் யோசிக்கிறன். அடிக்கடி விழுந்திருப்பீங்களே?"

காக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவசரப்பட்டேன். என் காலுக்கு என்ன செய்தார்கள் என்று சொல்லி, அதையே இவருக்கும் செய்யலாமா, கொழும்புக்குக் கூட்டிப் போகவும் தயார் என்று கடகடவென்று கேட்டேன். வைத்தியர் கதிரையை இழுத்து எனக்கு நேரே இருந்தார். அந்த இருப்பிலேயே பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ண, உங்களுக்கு உடனே செய்ததால சரி. இவருக்கு நார் இல்லாமலே இவ்வளவு காலம் எலும்பு ஆடி ஆடி, உள்ளுக்க மெத்தை மாதிரி இருக்கிறது முழுக்கத் தேய்ஞ்சு போயிற்று. இப்ப எலும்பும் எலும்பும் உரசுது. இனி நார் வச்சுப் பிரயோசனம் இல்ல. நோவைக் குறைக்கலாம், பட்டி போடலாம். இன்னும் வயசு போனால் முழங்கால் முட்டு முழுசையும் மாத்தலாம். பழைய கால் வராது."

"அப்பவே செய்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்பவே செய்திருந்தா ஓடியிருப்பார்" என்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை.

என் பெட்டியில் கிடந்த றப்பர் பட்டிகள்தான் ஞாபகம் வந்தன. எத்தனை மாதம் கட்டிய கோட்டை. காக்காவைப் பார்க்கப் பயந்துதான் பார்த்தேன். அவர் முகத்தில் கவலை இல்லை. கண் இன்னும் அந்தத் திரையில் இருந்தது.

"டொக்டர், அத இன்னொருக்காச் சொல்லுங்க."

"எதை? முட்டு மாத்துறதையா?"

"இல்ல. முதல் சொன்னத. நார் அறுந்தது எண்டு."

வைத்தியர் இன்னொரு தடவை சொன்னார். காக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் கால் வாங்கிக் கொடுக்கப் போனேன். அவருக்குத் தேவைப்பட்டது இந்த வசனம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவில் சஹ்லாவின் குரல்செய்தி வந்தது. "பெரியாப்பாட காலுக்கு டொக்டர் என்ன சொன்னார் வாப்பா? அது இன்னும் அவர விட்டுட்டுப் போகுதா?" சத்தமாகப் போட்டுவிட்டேன் போல, காக்காவுக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். "என்ட வசனத்த ஒன்ட மகளுக்கு ஆரு சொல்லிக் குடுத்த?" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னது என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏறாவூர் எல்லைக்குள் வந்ததும் மையவாடிக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். வாப்பாவை அடக்கிய கபுறு உள்ளே தூரம். மணல் பாதை, மேடும் பள்ளமும். அவர் என் இடது பக்கம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இடது கால் பழுது, எனக்கு வலது. நடுவில் இருந்த இரண்டு நல்ல கால்களையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகப் போனோம். தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டைக்குப் பக்கத்தில் புல் வளர்ந்திருந்தது. குனிந்து பிடுங்கலாம் என்றால் குந்த அவருக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது.

ஸலாம் சொன்னோம். துஆ ஓதினோம். கையை இறக்கிய பிறகும் காக்கா திரும்பவில்லை. மீஸான் கட்டையைப் பார்த்துக்கொண்டு, கடைக்கு வந்தவரோடு கதைக்கிற குரலில்தான் சொன்னார்.

"வாப்பா, சுளுக்கு இல்லயாம். டொக்டர் சொன்னாரு. தம்பியும் பக்கத்துல நிண்டு கேட்ட."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவர் என் தோளில் கையை வைத்து, "வா மனே, ஓட்டோக்காரன் காத்துக்கிட்டு நிக்கான்" என்றார்.